ஈரோடு மஞ்சள் என்று லேபிள் அடிப்பதற்கு முன்: விவசாயிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன தை மாதம் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் ஒருவர், கால் கிலோ மஞ்சள்தூள் பாக்கெட்டுக்கு எழுதி வைத்திருந்த லேபிளை அச்சுக்குக் கொடுக்கும் முன் என்னிடம் காட்டினார். மேலே ‘புவிசார் குறியீடு பெற்ற ஈரோடு மஞ்சள்’, நடுவில் ‘100% ஆர்கானிக்’, ஓரத்தில் அக்மார்க் முத்திரை. மூன்றில் ஒன்றுக்குக்கூட அவரிடம் காகிதம் இல்லை. அவர் யாரையும் ஏமாற்றுகிற ஆள் கிடையாது. மஞ்சள் அவர் வெள்ளாமை, மண் ஈரோட்டு மண், ஐந்து வருடமாக அந்தக் காட்டில் யூரியா விழவில்லை. ‘எல்லாம் நெசந்தானுங்களே, எழுதுனா என்ன தப்பு?’ என்று கேட்டார். இந்தக் கேள்வியில்தான் நம்மில் பாதிப் பேர் சறுக்குகிறோம்.

முதலில் புவிசார் குறியீடு. ஈரோடு மஞ்சளுக்கு 2019 மார்ச்சில் கிடைத்தது. செய்தி வந்ததும் மாவட்டத்தில் மஞ்சள் போடும் எல்லோருக்கும் அந்தப் பெயர் தானாக வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டோம். அப்படி வராது. விண்ணப்பம் போட்டு வாங்கியது மஞ்சள் வணிகர்கள், கிடங்கு உரிமையாளர்கள் சங்கம். விளைவிக்கிறவர் அந்தப் பெயரைப் பாக்கெட்டில் போட வேண்டுமென்றால், ‘அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்’ என்று தன் பெயரைத் தனியாகப் பதிந்துகொள்ள வேண்டும். அதற்கு ஜிஐ-3 என்று ஒரு படிவம், அலுவலகம் சென்னை கிண்டியில். முன்பு 500 ரூபாயாக இருந்த கட்டணத்தை 2020-ல் 10 ரூபாயாகக் குறைத்துவிட்டார்கள். பத்தே ரூபாய்! ஆனாலும் நம் ஊரில் இதைப் பதிந்தவர் யார் என்று கேட்டால் ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்க்கிறோம். பதியாமல் பெயரைப் போட்டால் அது சட்டப்படி தவறு, பதியாமலே விட்டால் அந்தப் பெயரின் விலை வேறு யாருக்கோ போகிறது. தனியாக அலைய முடியாதவர்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் மூலமாகப் பத்து இருபது பேராகச் சேர்ந்து படிவங்களைக் கொடுங்கள். ஒரு குறியீட்டின் பதிவு 10 வருடத்துக்குத்தான், பிறகு புதுப்பிக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அப்புறம் முத்திரைகளைக் குழப்பிக்கொள்வது. அக்மார்க் என்பது 1937-ல் வந்த தரம் பிரிப்புச் சட்டத்தின் முத்திரை, அது சரக்கின் தரத்தைச் சொல்லும், எந்த ஊரில் விளைந்தது என்று சொல்லாது, முறையாக அனுமதி வாங்காமல் அதைப் போடவும் முடியாது. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 14 இலக்க எண் தரச் சான்றே இல்லை, உணவுத் தொழில் செய்யப் பதிந்திருக்கிறீர்கள் என்பதற்கான அடையாளம், அவ்வளவுதான். விளைந்த மஞ்சளை அப்படியே விற்கிற விவசாயிக்கு அந்த எண் தேவையில்லை, அரைத்துப் பாக்கெட் போட்ட நிமிடத்திலிருந்து தேவை.

ஆர்கானிக் விஷயம்தான் நம்மை அதிகம் காயப்படுத்துவது. மஞ்சள் மாதிரி ஒரு வருடப் பயிருக்கு, விதைக்கும் முன் ரசாயனத்திலிருந்து இயற்கைக்கு மாறும் ‘மாற்றுக் காலம்’ குறைந்தது 2 வருடம் ஓடியிருக்க வேண்டும். அந்தக் கணக்கு பெரும்பாலும் நீங்கள் பதிந்த நாளிலிருந்துதான் தொடங்கும். ஐந்து வருடமாக ரசாயனம் போடவில்லை என்று வாயால் சொன்னால் யாரும் எழுதிக்கொள்ள மாட்டார்கள், தோட்டக் குறிப்பேட்டில் தேதியோடு இருக்க வேண்டும். ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருக்கிற சிறு விவசாயி, சாப்பிடுகிறவருக்கே நேராக விற்றால் சான்றிதழ் இல்லாமல் விற்கலாம் என்று விதி இருக்கிறது. ஆனால் ஆர்கானிக் உணவுக்கான அரசு முத்திரையைப் போடக் கூடாது. கடைக்குக் கொடுக்கும்போது இந்தச் சலுகையும் கிடையாது.

பல விவசாயிகளுக்குச் சேர்த்து ஒன்றாக வாங்கும் ஆர்கானிக் குழுச் சான்றிதழில் கையெழுத்துப் போடும் முன் படியுங்கள். நாங்கள் பதினெட்டுப் பேர் ஒரு நிறுவனத்தை நம்பிப் போட்டோம். ஆய்வுச் செலவு அவர்களுடையது என்றதும் சந்தோஷமாகிவிட்டது. மூன்றாம் வருடம் விலை படியாமல் வேறு ஆளுக்கு விற்கலாமென்று போனபோதுதான் சான்றிதழ் அவர்கள் பெயரில் இருப்பது உறைத்தது. மஞ்சளும் எங்களுடையது, மூன்று வருட உழைப்பும் எங்களுடையது, ஆனால் வெளியே விற்றால் அது சாதா மஞ்சள். அந்த வருடம் சாதா விலைக்குத்தான் கொடுத்தோம். ஆகவே சான்றிதழ் யார் பெயரில் வரும், விலகினால் என் நிலத்தின் பதிவேடுகள் என் கைக்கு வருமா, இந்த இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஏற்றுமதி எண்ணம் இல்லாதவர்கள், ஐந்து பேர் சேர்ந்தாலே தொடங்கக்கூடிய பிஜிஎஸ் என்ற ஆர்கானிக் சான்று முறையைப் பாருங்கள். அதில் பக்கத்துத் தோட்டத்துக்காரர்களே ஒருவரை ஒருவர் சரிபார்ப்பார்கள்.

சரி, காகிதம் எல்லாம் சுத்தமாக இருக்கிறது, அப்படியும் சரக்கு திரும்பி வருகிறதே, ஏன்? வாடகைப் பாலிஷ் டிரம்முக்குள் ஒருமுறை தலையை விட்டுப் பாருங்கள். முந்தைய ஆள் ஓட்டிவிட்டுப் போன விரலித் துண்டுகள் சந்துகளில் சிக்கிக் கிடக்கும், கம்பி வலையில் தூள் விரற்கடை கனத்துக்குப் படிந்திருக்கும், அதில் என்ன மருந்து அடித்தது என்று யாருக்கும் தெரியாது. வெறும் டிரம்மைக் கொஞ்ச நேரம் ஓட்டி, துடைப்பத்தால் தட்டி, முதலில் வருகிற ஒரு மூட்டையைச் சாதாச் சரக்கோடு ஒதுக்கிவிடுவது நல்லது. வேகவைக்கும் கொப்பரைக்கும், காயவைக்கும் களத்துக்கும் இதே கதைதான். சாக்கை மட்டும் மறந்துவிடாதீர்கள். கழுவிக் காயவைத்த பழைய உரச் சாக்கில் இயற்கை மஞ்சளைப் பிடித்துவைத்த ஒருவரை எனக்குத் தெரியும். வாங்க வந்தவர் சாக்கின் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் வண்டி ஏறிவிட்டார்.

மாதிரி எடுக்கும்போது ஒரே மூட்டையின் மேல்வாயில் ஒரு கை அள்ளிக் கொடுப்பதை நிறுத்துங்கள். பல மூட்டைகளில், மேல், நடு, அடி என்று எடுத்துக் கலந்து மூன்று கவரில் கட்டி, இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டு, ஒன்றை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சளுக்கு நிறம் தருகிற குர்குமின் குறைவு, ஈயம் இருக்கிறது என்று பிறகு ஒரு முடிவு வந்தால், அது உங்கள் களத்தில் வந்ததா அவர்கள் கிடங்கில் வந்ததா என்று காட்ட அந்த ஒரு கவரைத் தவிர வேறு சாட்சி இல்லை.

இவ்வளவும் விவசாயி தலையில்தானா என்று கோபம் வருகிறதா? எனக்கும் வருகிறது. நியாயமான கோபம்தான். மகாராஷ்டிரம், தெலங்கானாவிலிருந்து லாரியில் வருகிற மஞ்சள் இங்கே அரைபட்டுப் பாக்கெட்டாகிறது. லேபிளில் பாக்கெட் போட்டவர் முகவரி கட்டாயம், உள்நாட்டில் எந்த ஊரில் விளைந்தது என்று சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. சென்னையில் வாங்குகிற அம்மா ‘ஈரோடு’ என்ற முகவரியைப் பார்த்து ஈரோடு மஞ்சள் என்றே நம்புகிறார். மகாராஷ்டிரத்துச் சாங்கிலி மஞ்சளுக்கும் தனியாகப் புவிசார் குறியீடு உண்டு. அதை விளைவித்தவர் பெயரும் நம் பெயரோடு சேர்ந்தே காணாமல் போகிறது. விளைந்த இடத்தையும் லேபிளில் கட்டாயமாக்க வேண்டும் என்று நம் சங்கங்கள் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதுவரைக்கும் நம் சரக்கு எங்கிருந்து வந்தது என்பதற்கு நம்மிடமாவது பதில் இருக்கட்டும்.

நான் இப்போது ஒவ்வொரு மூட்டைக்குள்ளும் ஒரு அட்டை போடுகிறேன்: சர்வே எண், ரகம், வெட்டிய தேதி, வேகவைத்த தேதி, எந்த டிரம்மில் பாலிஷ் ஆனது. அதே அட்டையின் நகலை, விற்பனைக் கூடத்தில் கொடுக்கும் ஏலச் சீட்டோடு சேர்த்துக் குறிப்பேட்டில் ஒட்டிவிடுவேன். அந்த அண்ணன் லேபிளை அச்சுக்குக் கொடுக்கவில்லை. போன வாரம் ஜிஐ-3 படிவத்தை எடுத்துக்கொண்டு வந்தார், இரண்டு பேருமாக உட்கார்ந்து நிரப்பினோம்.