வாசிக்கத் தெரியாத கடுதாசியில் கைநாட்டு வைக்காதீர்கள்

இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் 26 வருஷம் பிள்ளைக் காம்பரா (வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்க்கும் இடம்) பார்த்தவள் நான். பிள்ளையைப் பற்றி விசாரிக்க நன்னடத்தை உத்தியோகத்தரோ பொலிஸோ லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) வந்தால் என்ன செய்வது என்று இப்போதும் என்னிடம் வந்து கேட்கிறார்கள். தாய் குவைத்தில், தகப்பன் கொழும்பில், பிள்ளை அப்பாயியிடம் (தகப்பனின் தாயிடம்) என்று இருக்கிற வீடுகள்தான் அதிகம்.

முதல் விஷயம், கையெழுத்து. எங்கள் லயத்து அப்பாயி ஒருவர், சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் கைநாட்டு வைத்தார். பிள்ளை சுகமாக இருக்கிறான் என்று எழுதியிருப்பதாக நினைத்தார். "என்னால் வளர்க்க இயலாது" என்று அதில் இருந்தது பிறகுதான் தெரிந்தது. ஆறு வயதுப் பேரன், தமிழ் பேச ஆளில்லாத சிறுவர் இல்லத்துக்குப் போனான். எட்டு மாதம் கழித்து வந்தவன், தண்ணீருக்குச் சிங்களத்தில் "வத்துர" என்று கேட்டான். அப்பாயிக்கு அது விளங்கும்தான். ஆனாலும் அன்று முழுக்க அழுதார்.

ஆகவே "தமிழில் எழுதி, வாசித்துக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். இது யாரும் செய்யும் தயவு இல்லை. 1987இலிருந்து தமிழும் அரச கரும மொழி. நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளரை அரசாங்கமே தர வேண்டும். விசாரிக்கப்படும் பிள்ளையையே மொழிபெயர்க்க வைப்பார்கள், அதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள்.

பிறப்புச் சான்றிதழ், கிளினிக் கார்ட், பள்ளிக்கூட ரிப்போர்ட் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். தாயின் பெயர் ஒவ்வொன்றிலும் ஒரு மாதிரி இருந்தால் இப்போதே பிரதேச செயலகத்துக்குப் போங்கள். 1948இல் பிரஜாவுரிமை பறிபோனதிலிருந்து அதைத் திருப்பித் தந்த 2003 சட்டம் வரும்வரை, மலையகத் தமிழரான எங்கள் ஆட்கள் எத்தனையோ பேர் கடுதாசி இல்லாமல் வாழ்ந்தார்கள். அந்தக் குறை இன்றைக்கும் பேரப்பிள்ளையின் பைலில் வந்து நிற்கிறது.

"இட வசதி இல்லை" என்று எழுதினால், லயம் தோட்டத்துக்குச் சொந்தம், திருத்தித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறோம் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். ஒரே காம்பராவில் ஏழு பேர் படுப்பதை எங்கள் கவனக்குறைவாக எழுதவே கூடாது. அந்த லயத்தைக் கட்டியது நாங்களா?

பிள்ளைக்கு உண்மையிலேயே அடி, உதை, கெட்ட தொடுகை என்றால் மானம் பார்த்து மறைக்காதீர்கள். 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்துக்கு எடுங்கள், தமிழிலேயே பேசலாம்.

வீட்டில் வைத்திருக்க முடியாது என்று நீதவான் நினைத்தால், அத்தையோ சித்தியோ பொறுப்பெடுக்கத் தயார் என்று அங்கேயே சொல்லுங்கள். 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டப்படி தகுந்த ஆளிடம் பிள்ளையை ஒப்படைக்கலாம், அவர் சொந்தக்காரராகவும் இருக்கலாம். அந்தச் சித்தியை அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள், ஒரு நாள் கொழுந்துச் சம்பளம் போனாலும் பரவாயில்லை.