ஆளில்லாத நேரத்தில் ஓடும் ஸ்கிரிப்ட்: கணினிகளைப் பராமரிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாற்பது கணினிகள் உள்ள ஒரு கல்லூரி ஆய்வகத்தையோ, பத்துப் பன்னிரண்டு கணினிகள் உள்ள ஓர் அலுவலகத்தையோ தனி ஆளாகப் பார்த்துக்கொள்பவருக்கு ஸ்கிரிப்டைப் போல, அதாவது கணினி தானே வரிசையாகச் செய்யும்படி எழுதிவைக்கும் கட்டளைத் தொகுப்பைப் போல, கைகொடுக்கும் கருவி வேறில்லை. ஒவ்வொரு கணினியின் முன்பும் உட்கார்ந்து தேவையற்ற கோப்புகளை அழிப்பது, பேக்கப் எடுப்பது, மாலையில் அணைப்பது என்று அரை நாளைத் தின்னும் வேலைகள் ஐந்தாறு வரிகளில் முடிந்துவிடுகின்றன. அதே ஐந்தாறு வரிகள் ஓர் ஆண்டு உழைப்பை அழித்துவிடவும் கூடும். அப்படி நடந்த இடங்களைக் கூர்ந்து பார்த்தால், கட்டளையைத் தப்பாக எழுதியதால் வந்த சேதம் குறைவாகவே இருக்கும். நம் மேசையில், நம் லாகினில், நம் கண்முன் ஓட்டிப் பார்த்தபோது இருந்த சூழலே இரவு இரண்டு மணிக்கும், அடுத்த கணினியிலும் இருக்கும் என்று எண்ணிவிட்டதால் வந்த சேதமே மிகுதி.

முதலில், ஸ்கிரிப்ட் எந்தக் கோப்புறையில் நின்றுகொண்டு வேலை செய்கிறது என்பதைப் பார்க்காமல் விடுவது. பல ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய ஒரு பேட்ச் கோப்பில் (விண்டோஸ் கட்டளைகளை வரிசையாக எழுதிய ஸ்கிரிப்ட்) இரண்டே வரிகள் இருந்தன. டி டிரைவில் உள்ள ஸ்கேன் கோப்புறைக்குப் போ என்பது முதல் வரி, அங்குள்ள பி.டி.எஃப் கோப்புகளையெல்லாம் கேள்வி கேட்காமல் அழி என்பது இரண்டாவது. அந்த பேட்ச் கோப்பும் டி டிரைவிலேயே வேறொரு கோப்புறையில் இருந்ததால், மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடியது. ஒரு நாள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும் என்று அதை டெஸ்க்டாப்புக்கு நகர்த்தி இரட்டைக் கிளிக் செய்தேன். கறுப்புச் சாளரம் ஒரு கணம் தோன்றி மறைந்தது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. ஆனால் டெஸ்க்டாப்பில் இருந்த பி.டி.எஃப் கோப்புகள் அனைத்தும் போய்விட்டிருந்தன. கட்டளை வழியாக அழித்தவை ரீசைக்கிள் பின்னுக்குப் போவதில்லை என்பதால் அங்கும் தேடிப் பயனில்லை.

காரணம் எளியது. விண்டோஸின் பழைய கட்டளைச் சாளரத்தில் சிடி என்னும் கட்டளை, டி என்ற சுவிட்சை (கட்டளையின் நடத்தையை மாற்றும் துணைக் குறி) அதனுடன் சேர்க்காவிட்டால், டிரைவை மாற்றாது. சி டிரைவில் நின்றுகொண்டு டி டிரைவின் கோப்புறைக்குப் போகச் சொன்னால், அது மறுப்பும் சொல்லாது, நகரவும் செய்யாது. அடுத்த வரியோ, தான் நிற்கும் இடத்திலேயே தன் வேலையைச் செய்துவிடும். இதே கோப்பை, குறித்த நேரத்தில் பணிகளைத் தானே ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் தொடக்கக் கோப்புறையைக் குறிப்பிடாமல் போட்டிருந்தால், அது விண்டோஸின் இயக்கக் கோப்புகள் உள்ள சிஸ்டம்32 கோப்புறையில் நின்றுகொண்டு ஓடியிருக்கும். வலது கிளிக் செய்து அட்மினாக ஓட்டினாலும் அப்படியே. பி.டி.எஃப் என்ற வரம்பு இல்லாமல் எல்லாக் கோப்புகளும் என்று எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது. அன்றிலிருந்து, அழிக்கும் வரியிலேயே முழுப் பாதையையும் எழுதுகிறேன். கோப்புறைக்குப் போவது தவிர்க்க முடியாததாக இருந்தால், போக முடியாத நிலையில் அங்கேயே நின்றுவிடும்படி ஸ்கிரிப்டுக்குச் சொல்லிவிடுகிறேன். ஏனெனில் பேட்ச் கோப்பு ஒரு வரி தோற்றாலும் நிற்காது, அடுத்த வரிக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

இதற்கு நெருங்கிய உறவுடையது காலியான மாறி, அதாவது ஒரு மதிப்பைத் தாங்க வேண்டிய பெயர் எதையும் தாங்காமல் இருப்பது. 2015 ஜனவரியில் லினக்ஸ் கணினிகளுக்கான ஸ்டீம் என்னும் விளையாட்டு மென்பொருளில் வெளிப்பட்ட பிழையை இத்தொழிலில் இருப்போர் அனைவரும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. அதன் தொடக்க ஸ்கிரிப்ட், தான் இருக்கும் கோப்புறையைக் கண்டறிந்து ஒரு மாறியில் வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது அந்த மாறிக்குப் பின் ஒரு சாய்கோட்டையும், எல்லாம் என்று பொருள்படும் நட்சத்திரக் குறியையும் சேர்த்து உள்ளிருப்பதை அழிக்கும்படி எழுதப்பட்டிருந்தது. கோப்புறையைக் கண்டறிய முடியாதபோது மாறி காலியாக, எஞ்சியது சாய்கோடும் நட்சத்திரமும் மட்டுமே. அதாவது கணினியின் வேரிலிருந்து, அந்தப் பயனருக்கு அழிக்க உரிமை உள்ள எல்லாமே. அந்த வரிக்கு மேலே, இது அச்சமூட்டுகிறது என்ற பொருளில் எழுதியவரின் குறிப்பும் ஒன்று இருந்தது. அச்சம் தோன்றிய இடத்தில் குறிப்பு போதாது; சோதனை வேண்டும். லினக்ஸில் பரவலாக உள்ள பேஷ் ஸ்கிரிப்டில், வரையறுக்கப்படாத மாறி வந்தால் நின்றுவிடு என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட ஒரு வரி போதும். ஆனால் அது மாறியே இல்லாத நிலையைத்தான் பிடிக்கும், ஸ்டீமில் நடந்ததுபோல மாறி இருந்து மதிப்பு காலியாக இருப்பதைப் பிடிக்காது. ஆகவே அழிக்கும் வரிக்கு முன்னால் மாறி காலியாக இல்லை என்பதையும், பாதை நாம் எதிர்பார்க்கும் கோப்புறையின் பெயரில்தான் தொடங்குகிறது என்பதையும் தனியே சோதித்துக்கொள்ள வேண்டும். விண்டோஸ் பேட்ச் கோப்பிலும் இந்த ஆபத்து அப்படியே உண்டு.

பழைய கோப்புகளை அழிக்கும் ஸ்கிரிப்டில் பலரும் கவனிக்காத ஒரு பள்ளம் இருக்கிறது. முப்பது நாட்களுக்கு மேற்பட்டவற்றை நீக்கு என்று எழுதும்போது, பெரும்பாலும் கடைசியாகத் திருத்திய தேதியைத்தான் கணக்கில் எடுக்கிறோம். ஆனால் விண்டோஸில் ஒரு கோப்பை நகலெடுத்தால், திருத்திய தேதி பழையபடியே தொடரும். உருவாக்கிய தேதி மட்டுமே புதிதாகும். சென்ற ஆண்டுச் செயல்திட்டத்தை ஒரு மாணவி இன்று காலை பென்டிரைவிலிருந்து ஆய்வகக் கணினியில் நகலெடுத்து வைத்தால், ஸ்கிரிப்டின் பார்வையில் அது ஓராண்டுப் பழைய கோப்பு, இரவே போய்விடும். இரண்டு தேதிகளும் பழையவையாக இருந்தால் மட்டுமே தொட வேண்டும். தொடும்போதும் உடனே அழிக்காமல், வேறொரு கோப்புறைக்கு நகர்த்தி ஒரு வாரம் வைத்திருந்து, யாரும் கேட்டு வராத பிறகு நீக்குவது நல்லது. விண்டோஸின் புதிய கட்டளை மொழியான பவர்ஷெல்லில் அழிக்கும் கட்டளைகளுடன் வாட்இஃப் என்ற சொல்லைச் சேர்த்தால், எவையெல்லாம் அழியும் என்று பட்டியலை மட்டும் காட்டிவிட்டு எதையும் தொடாமல் விட்டுவிடும். அந்தப் பட்டியலை ஒருமுறையாவது முழுவதும் படித்துப் பார்க்காமல் எந்த அழிப்பு ஸ்கிரிப்டையும் ஷெட்யூலில் போடக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

பேக்கப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் பாதுகாப்புக்கென்று எழுதும் ஸ்கிரிப்டே அழிவுக்குக் காரணமாவது இங்குதான். விண்டோஸுடன் வரும் ரோபோகாப்பி, கோப்புகளை நகலெடுக்கும் அருமையான கருவி. அதில் மிர் என்ற சுவிட்ச், மூலத்தில் இல்லாத எதுவும் இலக்கில் இருக்கக் கூடாது என்ற கட்டளையாகும். அது எடுப்பது பேக்கப் அன்று, கண்ணாடிப் பிம்பம். மூலத்தில் ஒருவர் தவறுதலாக அழித்த கோப்பு, அன்றிரவே பிம்பத்திலிருந்தும் மறைந்துவிடும். மூலத்தையும் இலக்கையும் இடம் மாற்றி எழுதிவிட்டாலோ, மூலக் கோப்புறை ஏதோ காரணத்தால் வெறுமையாக இருந்தாலோ, இலக்கு முழுவதும் துடைக்கப்படும். வெளி ஹார்டு டிஸ்கைக் கழற்றி மாட்டும்போது அதன் டிரைவ் எழுத்து மாறிவிடுவது அன்றாடம் நடப்பது. இன்று ஈ என்பது நாளை எஃப் ஆகலாம், ஈ என்ற எழுத்து வேறொருவரின் பென்டிரைவுக்குப் போயிருக்கலாம். ஆகவே மூலம், இலக்கு இரண்டிலும் ஒரு சிறிய அடையாளக் கோப்பை வைத்து, அது இருக்கிறதா என்று பார்த்த பிறகே நகலெடுப்பைத் தொடங்கும்படி எழுத வேண்டும். முதன்முறை ஓட்டும்போது, பட்டியல் மட்டும் காட்டும் எல் சுவிட்சைப் பயன்படுத்த வேண்டும்.

ரோபோகாப்பி வேலையை முடித்ததும் தரும் முடிவு எண்களும் பலரைக் குழப்புகின்றன. பொதுவாக 0 என்றால் வெற்றி, வேறு எந்த எண்ணும் தோல்வி என்றே பழகியிருக்கிறோம். இதில் 1 என்றால் கோப்புகள் நல்லபடியாக நகலாயின என்று பொருள். 8 அல்லது அதற்கு மேல் வந்தால்தான் தோல்வி. இதை அறியாமல் எழுதிய ஸ்கிரிப்ட், ஒவ்வொரு வெற்றியையும் தோல்வி என்று அறிவிக்கும். சலித்துப்போன நிர்வாகி எச்சரிக்கையையே நிறுத்திவிடுவார். பிறகு உண்மையான தோல்வி வரும்போது சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். இன்னொன்று: நகலெடுக்க முடியாத கோப்பை, நாம் எதுவும் சொல்லாவிட்டால், ரோபோகாப்பி 10 லட்சம் முறை, ஒவ்வொரு முறைக்கும் 30 விநாடி இடைவெளி விட்டு மீண்டும் முயலும். கணக்குப் போட்டால் ஏறத்தாழ 347 நாட்கள். யாரோ எக்செல் கோப்பைத் திறந்து வைத்துவிட்டுப் போனதால், பேக்கப் அந்த ஒரு கோப்பிலேயே விடிய விடிய நின்றிருக்கும். இரண்டு முயற்சி, ஐந்து விநாடி இடைவெளி என்று வெளிப்படையாக எழுதிவிட்டால் போதும்.

டாஸ்க் ஷெட்யூலரில் போட்ட பிறகு வரும் சிக்கல்கள் தனி வகை. நம் லாகினில் இசட் டிரைவாகத் தெரியும் சர்வர் கோப்புறை, வேறு கணக்கில் ஓடும் பணிக்குத் தெரியாது. சர்வர் பெயருடன் கூடிய முழு நெட்வொர்க் பாதையையே எழுத வேண்டும். புதிதாக உருவாக்கும் பணி, பயனர் லாகின் செய்திருந்தால் மட்டுமே ஓடும்படியும், மடிக்கணினியானால் மின் இணைப்பில் இருந்தால் மட்டுமே தொடங்கும்படியும்தான் இயல்பாக அமைந்திருக்கும். குறித்த நேரத்தில் கணினி அணைந்திருந்தால் அந்த முறை தவறிப்போகும். பிறகு இயன்றவுடன் ஓட்டு என்ற பெட்டியை நாம்தான் டிக் செய்ய வேண்டும். மின்வெட்டு உள்ள ஊர்களில் இந்த ஒரு பெட்டி மிக முக்கியம்.

தேதியைக் கோப்புறைப் பெயராக வைப்பதிலும் சூழல் பற்றிய அதே அனுமானம் ஒளிந்திருக்கிறது. பேட்ச் கோப்பில் தேதி மாறியை எழுத்து எழுத்தாக வெட்டி எடுப்பது பரவலான பழக்கம். அந்த மாறியின் வடிவம் கணக்கின் வட்டார அமைப்பைப் பொறுத்தது. இந்திய அமைப்பில் நாள் முதலில் வரும். அமெரிக்க அமைப்பில் கிழமை, மாதம், நாள் என்று சாய்கோடுகளுடன் வரும். விண்டோஸ் தன் உள்வேலைகளுக்கு வைத்திருக்கும் சிஸ்டம் கணக்கு நம் வட்டார அமைப்பையே பின்பற்ற வேண்டும் என்ற கட்டாயமில்லை. பவர்ஷெல்லில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையை நாமே குறிப்பிட்டு வாங்கிக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. கோப்புறைகளும் கால வரிசையில் தாமே அடுக்காக நிற்கும்.

தமிழில் பெயரிட்ட கோப்புகளைக் கையாள்பவர்கள் எழுத்துக் குறிமுறையில், அதாவது எழுத்துகளைக் கணினி எண்களாகச் சேமிக்கும் முறையில், தனிக் கவனம் செலுத்த வேண்டும். விண்டோஸுடன் வரும் பவர்ஷெல் 5.1, குறிமுறை எது என்று சொல்லும் தொடக்கக் குறி இல்லாத யுடிஎஃப்-8 ஸ்கிரிப்ட் கோப்பைப் பழைய குறிமுறையாக எண்ணிப் படிக்கும். மாணவர் பட்டியல் என்று தமிழில் எழுதிய கோப்புறைப் பெயர் அதன் கண்ணுக்குப் புரியாத எழுத்துக் குவியலாகி, அப்படி ஒரு பாதை இல்லை என்ற பிழையில் முடியும். விஎஸ் கோட் போன்ற எடிட்டர்கள் இயல்பாகவே அந்தக் குறி இல்லாமல்தான் சேமிக்கின்றன. குறியுடன் சேமிக்க நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இதைவிடக் கொடியது சிஎஸ்வி (அட்டவணையை எளிய உரையாக வைக்கும் கோப்பு) ஏற்றுமதி. 5.1 பதிப்பில் குறிமுறையைக் குறிப்பிடாமல் சிஎஸ்வியாக எழுதினால், ஒவ்வொரு தமிழ் எழுத்தும் கேள்விக்குறியாக மாறிவிடும். இது காட்சிப் பிழை அன்று. எழுத்துகளே போய்விட்டன, திரும்ப மீட்க வழியில்லை. யுடிஎஃப்-8 என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் பெயர்கள் பிழைத்திருக்கும். பவர்ஷெல் 7 இவ்விரண்டையும் இயல்பாகவே சரியாகச் செய்கிறது, ஆனால் அதைத் தனியாக நிறுவ வேண்டும்.

கடவுச்சொல்லை ஸ்கிரிப்டுக்குள் எழுதுவது குறித்து நீண்ட விளக்கம் தேவையில்லை. பல கணினிகளின் அமைப்புகளை ஒரே இடத்திலிருந்து கட்டுப்படுத்தும் குரூப் பாலிசி வழியாகக் கணினிகளுக்குக் கடவுச்சொல் அமைக்கும் வசதியை மைக்ரோசாஃப்டே 2014 மே மாதம் நிறுத்தியது. அது குறியாக்கம் செய்யப்பட்டிருந்தாலும், அதைத் திறக்கும் சாவி பொதுவெளியில் இருந்தது. குறியாக்கமே இல்லாத பேட்ச் கோப்பு, எல்லோரும் படிக்கக்கூடிய பகிர்வுக் கோப்புறையில் இருப்பதை என்னவென்று சொல்வது? ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனி அட்மின் கடவுச்சொல்லைத் தானே மாற்றி வைக்கும் லாப்ஸ் வசதி இப்போது விண்டோஸிலேயே இருக்கிறது.

இணையத்தில் கிடைக்கும் பழைய ஸ்கிரிப்டுகளை அப்படியே எடுத்தாள்வோர் அவற்றின் வயதையும் பார்க்க வேண்டும். விண்டோஸின் பழைய ஸ்கிரிப்ட் மொழியான விபிஸ்கிரிப்ட் கைவிடப்படுவதாக மைக்ரோசாஃப்ட் 2023 அக்டோபரில் அறிவித்துவிட்டது. பல எடுத்துக்காட்டுகளில் காணப்படும், கணினியின் விவரங்களைக் கேட்டறியும் டபிள்யூஎம்ஐசி என்ற கட்டளையும் அதே வழியில் போகிறது. இன்று ஓடுவது அடுத்த விண்டோஸ் புதுப்பிப்புக்குப் பின் ஓசையின்றி நின்றுபோகலாம்.

மாலையில் எல்லாக் கணினிகளையும் அணைக்கும் ஸ்கிரிப்ட் எழுதுவோர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். ஐந்து நிமிட அவகாசம் கொடுத்தால் மென்மையாக அணையும் என்று பலர் நம்புகிறார்கள். ஷட்டவுன் கட்டளையில் காத்திருப்பு நேரம் பூஜ்யத்துக்கு மேல் இருந்தாலே, திறந்திருக்கும் நிரல்களைக் கட்டாயமாக மூடு என்ற சுவிட்சும் சேர்ந்தே இயங்கும்; சேமிக்காத வேலை போய்விடும். எனவே அவகாசத்துடன் தெளிவான தமிழ்ச் செய்தி ஒன்றையும் காட்டி, அணைப்பதை நிறுத்தும் கட்டளைக்கு ஒரு ஷார்ட்கட்டை டெஸ்க்டாப்பில் வைத்துவிடுவது வழக்கம்.

எந்த ஸ்கிரிப்டையும் நாற்பது கணினிகளிலும் ஒரே நாளில் போடுவதில்லை. முதல் வாரம் என் மேசைக் கணினியில் அல்லாமல், ஆய்வகத்தில் மாணவர்கள் அதிகம் பயன்படுத்தும் ஒரு கணினியில், மாணவர் லாகினில், ஷெட்யூல் வழியாகவே ஓடவிடுகிறேன். அடுத்த வாரம் ஐந்து கணினிகள். ஒவ்வொரு ஓட்டத்திலும் தொடங்கிய நேரம், ஓடிய கணக்கு, நின்ற கோப்புறை, தொட்ட கோப்புகளின் எண்ணிக்கை, முடிந்த நேரம் ஆகியவை லாகில் (பதிவுக் கோப்பில்) பதிவாகின்றன. பேக்கப் ஸ்கிரிப்டாக இருந்தால், ஒரு கோப்பை இலக்கிலிருந்து எடுத்துத் திறந்தும் பார்க்கிறேன். அந்த ஐந்து லாகுகளையும் வரி வரியாகப் படித்து முடித்த பிறகே மற்ற முப்பத்து நான்கு கணினிகளுக்கும் அது போகிறது.