கடலுக்குப் போனவர்களுக்காக ஐ-லீக் நோட்டு எழுதும் முறை

தூத்தூர் கரையிலிருந்து ஆழ்கடல் தங்கலுக்குப் போகிறவர் கொச்சியில் மீன்பிடி விசைப்படகான போட்டில் ஏறினால், திரும்பிக் கரை தொட முப்பது நாளும் ஆகலாம், நாற்பது நாளும் ஆகலாம். அதற்குள் இந்தியக் கால்பந்தின் இரண்டாம் நிலை லீக்கான ஐ-லீக்கில் பல சுற்றுகள் முடிந்துவிடும். என் அண்ணன் வீட்டுக்கு வந்து குளித்து, கஞ்சி குடித்து முடித்ததும் கேட்கும் முதல் கேள்வி, "எடே, இப்போ ஆரு முன்னால நிக்குது?" என்பதுதான். கைப்பேசியில் புள்ளிப்பட்டியலை எடுத்துக் காட்டிவிடலாம். ஆனால் எந்த அணி எத்தனை புள்ளியில் இருக்கிறது என்பதைத்தான் பட்டியல் காட்டும். அந்தப் புள்ளி எந்த ஊரில், எந்த நிமிடத்தில், யார் இல்லாத நாளில் வந்தது என்பது அதில் இராது. அதற்காகத்தான் எங்கள் படிப்பகத்தில் பருவத்துக்கு ஒரு நோட்டு எழுதி வைக்கிறோம். அதை எழுதும் விதத்தை, வேறு ஊர்களில் இதைச் செய்ய விரும்புவோருக்காக இங்கே விளக்குகிறேன்.

முதல் நிலை லீக்கான ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) இருக்கும்போது ஐ-லீக்குக்கு எதற்கு நோட்டு என்று சிலர் கேட்பதுண்டு. 2022-23 பருவம் முதல் ஐ-லீக்கில் முதலிடம் பெறும் அணிக்கு ஐ.எஸ்.எல்.லுக்கு ஏறும் வழி திறந்தது. அவ்வாண்டு பஞ்சாப் அணியும், 2023-24இல் கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங்கும் அவ்வழியே மேலே சென்றன. அடியில் நிற்கும் அணிகளோ கீழே இறங்குகின்றன. ஏறுவதும் இறங்குவதும் ஒரே பட்டியலில் நடப்பதால், நடுவில் நிற்கும் அணியின் சாதாரண டிராவுக்கும் கனம் உண்டு. எங்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பக்கத்து இரவிபுத்தன்துறைக்காரரான மைக்கேல் சூசைராஜ், ஐ-லீக்கில் சென்னை சிட்டி அணிக்கு ஆடிய பிறகே ஐ.எஸ்.எல்.லின் ஜாம்ஷெட்பூருக்குப் போனார். கடற்கரை மணலில் பந்து உதைக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு அந்த லீக் தொலைவில் இருக்கும் ஒன்றல்ல.

இருநூறு பக்க நீள நோட்டு ஒன்று, நீலப் பேனா, சிவப்புப் பேனா, ஒரு பென்சில் ஆகியவை போதும். முதல் பக்கத்தில் அந்தப் பருவத்தின் விதிகளை எழுதுங்கள். எத்தனை அணிகள், ஒவ்வொன்றும் எத்தனை ஆட்டம் ஆடும், எத்தனை அணிகள் இறங்கும், இரண்டு அணிகள் சமப் புள்ளியில் நின்றால் எதைப் பார்த்து முந்தியவரை முடிவு செய்வார்கள் என்பவை கட்டாயம் இடம்பெற வேண்டும். சென்ற ஆண்டின் விதியே இந்த ஆண்டும் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. 2023-24இல் 13 அணிகள் 24 ஆட்டங்கள் வீதம் ஆடின. 2024-25இல் 12 அணிகள், ஆளுக்கு 22 ஆட்டங்கள், மொத்தம் 132 ஆட்டங்கள் என்றானது. சமப் புள்ளி விதியை நான் சிவப்பில் எழுதுவேன். 2020-21இல் கோகுலம் கேரளாவும் சர்ச்சில் பிரதர்ஸும் 29 புள்ளிகளில் சமமாக நின்றபோது, அவ்விரு அணிகளும் தமக்குள் ஆடிய ஆட்டங்களைப் பார்த்துத்தான் கோப்பை கோகுலத்துக்குச் சென்றது. மொத்த கோல் வித்தியாசத்தை மட்டும் கூட்டி வைத்திருப்பவரின் நோட்டு அத்தகைய நாளில் உதவாது.

அடுத்து, அணிக்கு நான்கு பக்கம் வீதம் ஒதுக்கி, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தேதி, மைதானம், கோல் கணக்கு, கோல் போட்டவர், நிமிடம், அட்டைகள் என்று கட்டம் போடுங்கள். மைதானம் என்னும் கட்டத்தில் 'சொந்த ஊர்', 'வெளியூர்' என்று மட்டும் எழுதி நிறுத்திவிடுவது பலரும் செய்யும் தவறு. 2023-24இல் மணிப்பூரின் நிலைமை காரணமாக நெரோகா, டிராவ் ஆகிய இரு இம்பால் அணிகளும் தங்கள் 'சொந்த ஊர்' ஆட்டங்களைப் பிற மாநிலங்களில் ஆடின. பருவ முடிவில் இறங்கியவையும் அவ்விரண்டு அணிகள்தான். ஊரின் பெயர் எழுதாத நோட்டில், அவை சொந்த மண்ணில் தோற்றதாகவே பதிவாகியிருக்கும். அது அந்த ஆட்டக்காரர்களுக்குச் செய்யும் அநியாயம் என்றே நான் கருதுகிறேன். ஐஸ்வாலும் ஸ்ரீநகரும் செயற்கைப் புல் மைதானங்கள், இரண்டும் மலையில் ஆயிரம் மீட்டருக்கு மேல் இருப்பவை. ஸ்ரீநகரில் பனி விழுந்து ஆட்டங்கள் தள்ளிப்போனதும் உண்டு. கடல் மட்டத்தில் பழகிய ஓர் அணி அங்கே கடைசி இருபது நிமிடங்களில் என்ன ஆனது என்பதைத் தனியாகக் குறித்து வையுங்கள். நான்கைந்து பருவ நோட்டுகள் சேர்ந்த பிறகு அந்தக் குறிப்புகளே மிகுந்த பயன் தருகின்றன.

மஞ்சள் அட்டைக் கட்டத்தை எழுத எனக்கும் தொடக்கத்தில் சலிப்பாகத்தான் இருந்தது. 2024-25 பருவம் அதை மாற்றிவிட்டது. அந்தப் பருவம் ஏப்ரலில் முடிந்தபோது சர்ச்சில் 40 புள்ளிகளுடன் முதலிலும், இன்டர் காசி 39 புள்ளிகளுடன் அடுத்தும் நின்றன. ஆனால் ஜனவரியில் இன்டர் காசியை நாம்தாரி அணி 2-0 என வென்ற ஆட்டத்தில், நான்கு மஞ்சள் அட்டை வாங்கித் தடையில் இருந்த ஒருவரை நாம்தாரி இறக்கியது என்ற வழக்கு அப்போதும் முடியவில்லை. அந்த வழக்கும் அதனோடு வந்த இன்னொரு வழக்கும் சுவிட்சர்லாந்தில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றம் வரை போய், ஜூலையில் இன்டர் காசியே வெற்றியாளர் என்று தீர்ப்பு வந்தது. எங்கள் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். போட்டுகள் எல்லாம் கட்டப்பட்டு ஆட்கள் ஊரில் இருந்த நேரம் அது. ஏப்ரலில் நான் நீலப் பேனாவால் 'சர்ச்சில்' என்று எழுதி அடிக்கோடும் போட்டு வைத்திருந்த பக்கத்தை, பத்துப் பேர் சுற்றி நிற்க அடித்துத் திருத்த வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து இரண்டு வழக்கங்களைக் கைவிடுவதில்லை: ஆட்டத்தில் நடந்ததைப் பேனாவால் எழுதுவது, புள்ளிப்பட்டியலைப் பென்சிலால் எழுதுவது. ஒவ்வொரு சுற்றுக்கும் முன்பாக, மூன்று மஞ்சள் அட்டையோடு நிற்பவர்களின் பெயர்களை ஓரத்தில் எழுதிக் கொள்வதும் நல்லது.

புள்ளிப்பட்டியலைச் சுற்றுக்கு ஒரு முறை எழுதினால் போதும். அதில் 'எட்டக்கூடியது' என்று ஒரு கட்டத்தைக் கூடுதலாகச் சேருங்கள்: மீதமுள்ள ஆட்டங்களை மூன்றால் பெருக்கி, கையில் உள்ள புள்ளியோடு கூட்டினால் அந்த எண் கிடைக்கும். ஓர் அணி 34 புள்ளியோடு நான்கு ஆட்டம் மீதி வைத்திருக்கிறது, பின்னால் வருவது 25 புள்ளியோடு ஐந்து ஆட்டம் மீதி வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பின்னால் வருவதன் உச்சம் 40. முன்னால் நிற்பது 41ஐத் தொட்டுவிட்டால், அதாவது இரண்டு வெற்றியும் ஒரு டிராவும் பெற்றுவிட்டால், அந்த ஓட்டம் அதோடு முடிந்தது. மார்ச் மாதம் கரை திரும்புகிறவருக்கு இந்த ஒரு கட்டத்தைக் காட்டினாலே பாதிக் கேள்விகளுக்குப் பதில் கிடைத்துவிடும்.

கடைசி நாளின் பக்கத்தை மட்டும் விரிவாக எழுதுங்கள். ஐ-லீக் இரண்டாம் நிலைக்கு வருவதற்கு முந்திய காலமானாலும், 2019 மார்ச் 9ஆம் தேதிப் பக்கத்தை மாதிரியாகச் சொல்கிறேன். கோயம்புத்தூர் நேரு அரங்கில் சென்னை சிட்டி, மினர்வா பஞ்சாப்பை எதிர்கொள்கிறது. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால், கோகுலத்தை எதிர்கொள்கிறது. மூன்றாம் நிமிடத்திலேயே மினர்வா கோல் போட்டுவிட்டது. இடைவேளைக்குப் பின் பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். தடுப்பாட்டக்காரரான கௌரவ் போரா அடுத்த இரண்டு கோல்களையும் போட்டு 3-1 ஆக்கினார். ஈஸ்ட் பெங்கால் பின்தங்கியிருந்து மீண்டு 2-1 என வென்றும் 42 புள்ளிகளில் நின்றது. 43 புள்ளிகளோடு கோப்பை தமிழ்நாட்டுக்கு வந்தது. இப்படிப்பட்ட நாளுக்குப் பக்கத்தின் நடுவே கோடு போட்டு, இரண்டு ஆட்டங்களையும் இடமும் வலமுமாக, நிமிடங்கள் ஒன்றுக்கொன்று நேராக வரும்படி எழுத வேண்டும். ஒன்றில் கோல் விழுந்தபோது மற்றதில் என்ன நிலை என்பது அப்போதுதான் ஒரே பார்வையில் புரியும்.

ஆட்டங்கள் பெரும்பாலும் வேலை நேரத்தில் வருவதால் ஒருவரே எல்லாவற்றையும் பார்த்து எழுத முடியாது. ஆளுக்கு மூன்று அணி என்று நான்கு பேர் பிரித்துக்கொண்டால் எளிது. பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுத்தால் பெரியவர்களைவிடக் கவனமாக எழுதுகிறார்கள். நேரில் ஓர் ஆட்டமாவது பார்க்க விரும்புவோருக்கு அண்மையில் உள்ளது கோகுலத்தின் கோழிக்கோடு; குழித்துறையில் பரசுராம் ரயில் ஏறினால் இறங்கி மாறாமல் போய்விடலாம்.

மே மாதக் கடைசிக்குள் நோட்டை முடித்து, பெயர் அகர வரிசையில் ஆட்டக்காரர் பட்டியல் ஒன்றைப் பின்னட்டையில் ஒட்டிவிடுங்கள். கடைசி இரண்டு பக்கங்களை வெறுமையாக விடுங்கள். தடைக்காலத்தில் படிக்கிறவர்கள், நாம் எழுதியதில் கண்ட பிழைகளை அதில்தான் எழுதுவார்கள்.