மெஜாரிட்டி ஒன்று, ப்ளூராலிட்டி வேறு, டாமினன்ட் முற்றிலும் வேறு

மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்த புதிதில், அமெரிக்கத் தேர்தல் பற்றிய ஒரு கட்டுரையில் 'ப்ளூராலிட்டி' என்ற சொல் வந்தது. அகராதியில் முதலில் இருந்த பொருளை எடுத்து, 'வாக்குகளின் பன்மைத்தன்மையைப் பெற்றார்' என்று எழுதிவிட்டேன். யாரும் கவனிக்காமல் அது அச்சிலும் வந்துவிட்டது. அன்றிலிருந்து, 'அதிகம்' என்ற பொருளில் ஒரு ஆங்கிலச் சொல்லைப் பார்த்தாலே ஒரு கேள்வி கேட்டுக்கொள்வேன்: இங்கே பேசுவது எண்ணிக்கையையா, எடையையா, அதிகாரத்தையா?

தேர்தலில் ப்ளூராலிட்டி என்றால், களத்தில் இருந்த மற்ற எவரையும்விட அதிக வாக்கு வாங்குவது. பாதியைத் தாண்ட வேண்டியதில்லை. மெஜாரிட்டிக்குப் பாதியைத் தாண்டியே ஆக வேண்டும். 1992 அமெரிக்க அதிபர் தேர்தலில் பில் கிளிண்டனுக்கு மக்கள் வாக்கில் கிடைத்தது சுமார் 43 சதவீதம். மும்முனைப் போட்டி என்பதால் அதுவே முதலிடம். ஆனாலும் அது ப்ளூராலிட்டிதான். அதே தேர்தலில், அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் குழுவின் 538 வாக்குகளில் 370 அவருக்கு விழுந்தன. அது மெஜாரிட்டி. ஒரே ஆள், ஒரே தேர்தல், இரண்டு சொற்கள். மாற்றிப் போட்டால் செய்தியே பொய்யாகிவிடும்.

இந்த வேறுபாட்டைச் சொல்லத் தமிழில் சொல் இல்லை என்று நினைக்க வேண்டாம். 'தனிப்பெரும் கட்சி' என்பதும் 'தனிப்பெரும்பான்மை' என்பதும் அதைத்தான் சொல்கின்றன. 2024 மக்களவைத் தேர்தலில் 543 இடங்களில் பாஜக பெற்றது 240. அது தனிப்பெரும் கட்சி. பெரும்பான்மைக்கு 272 வேண்டும். 2006இல் தமிழ்நாட்டில் திமுக 234இல் 96 இடங்களோடு ஆட்சி அமைத்தபோதும் இதே நிலைதான், தேவைப்பட்டது 118. இரண்டு சொற்களும் பார்க்க ஒன்றுபோல இருப்பதால் அவசரத்தில் ஒன்றின் இடத்தில் மற்றது வந்து உட்கார்ந்துவிடுகிறது. சில எழுத்துகளின் வேறுபாடுதான், ஆனால் ஓர் ஆட்சி சொந்தக் காலில் நிற்கிறதா, கூட்டணியின் தோளில் நிற்கிறதா என்பது அதில்தான் இருக்கிறது.

பிரிட்டிஷ் செய்திகளில் இன்னொரு பள்ளம் உண்டு. அங்கே மெஜாரிட்டி என்பது பல நேரம் வித்தியாசத்தைக் குறிக்கும். 2019 தேர்தலில் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு '80 மெஜாரிட்டி' என்று எழுதினார்கள். கட்சி வென்றது 650இல் 365. மற்ற எல்லோருக்கும் சேர்த்து 285. இரண்டுக்கும் இடையில் உள்ளதுதான் அந்த 80. அதை '80 இடங்களில் வெற்றி' என்று எழுதினால் அவ்வளவுதான்.

இலக்கணத்தில் ஒரு சின்ன விஷயம். மெஜாரிட்டி எண்ணக்கூடியவற்றுக்கு உரிய சொல். வாக்காளர்கள், உறுப்பினர்கள், ஊர்கள் என்றால் சரி. தண்ணீர், நேரம், பணம் என்று வந்தால் ஆங்கிலத்தில் 'மோஸ்ட்' போதும்.

அப்புறம் டாமினன்ட். எனக்குத் தெரிந்து அதிகம் பேரைக் குழப்பும் சொல் இதுதான். பள்ளியில் மெண்டலின் பட்டாணிச் செடிகளைப் படித்தபோது ஓங்கு பண்பு (டாமினன்ட்) மூன்று, ஒடுங்கு பண்பு ஒன்று என்று மனப்பாடம் செய்தோம். அதனால் டாமினன்ட் என்றாலே பெரும்பான்மை என்று மனதில் பதிந்துவிட்டது. ஆனால் அந்த 3:1 என்பது அவர் செய்த கலப்பினச் சோதனையின் கணக்கு. உலகத்தில் எந்தப் பண்பு அதிகம் என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. இரத்த வகையையே பாருங்கள். ஏ, பி இரண்டுக்கும் முன்னால் ஓ ஒடுங்கிப்போகும். ஆனால் உலக அளவில் ஓ வகைதான் மிக அதிகம். கையில் ஆறு விரல் இருப்பது பல குடும்பங்களில் ஓங்கு பண்பாகவே வருகிறது. அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர்? இரண்டும் சேரும்போது எது வெளியே தெரிகிறது என்பதைத்தான் டாமினன்ட் சொல்கிறது.

சமூகத்திலும் அப்படியே. நிறவெறி ஆட்சியில் தென்னாப்பிரிக்க வெள்ளையர்கள் ஆதிக்கத்தில் இருந்தார்கள், ஆனால் சிறுபான்மையினர். சந்தையில் ஒரு நிறுவனம் ஆதிக்க நிலையில் இருக்கிறது என்று சொல்ல, இந்தியாவின் 2002 போட்டிச் சட்டம் இத்தனை சதவீதம் என்று எந்த எண்ணையும் வைக்கவில்லை. சந்தைப் பங்கு பார்க்கப்படும் பல காரணிகளில் ஒன்று. ஆதிக்க நிலையில் இருப்பதும் குற்றமில்லை, அதைத் தவறாகப் பயன்படுத்துவதுதான் குற்றம். 'ப்ரிடாமினன்ட்' என்று முன்னொட்டு சேர்ந்தால் பொருள் எண்ணிக்கைப் பக்கம் சாயும்: ஒரு பகுதியில் பெரும்பாலும் காணப்படுவது.

கடைசியாக, ப்ரிபாண்டரன்ஸ். பொதுவான எழுத்தில் இது எண்ணிக்கையையும் குறிக்கும். ஆனால் இதன் லத்தீன் வேரில் இருப்பது எடை, தராசில் ஒரு தட்டு தாழ்வது. நீதிமன்றச் செய்திகளில் அந்த வேர்ப்பொருள்தான் வேலை செய்கிறது. உரிமையியல் வழக்கில் எந்தத் தரப்பு சொல்வது உண்மையாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று பார்க்கிறார்கள். குற்ற வழக்கைப் போல நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. இந்த அளவுகோலைத்தான் ஆங்கிலத்தில் 'ப்ரிபாண்டரன்ஸ் ஆஃப் எவிடன்ஸ்' என்கிறார்கள். அதை 'பெரும்பான்மைச் சாட்சியம்' என்று மொழிபெயர்த்தால், பத்து சாட்சிகளைக் கூட்டி வந்தவர் இரண்டு சாட்சிகள் வைத்திருப்பவரை வென்றுவிடுவார் என்று வாசகர் நினைப்பார். ஒரு விஷயத்தை நிரூபிக்க இத்தனை சாட்சிகள் வேண்டும் என்ற கணக்கு கிடையாது என்று 1872 இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 134ஆம் பிரிவே சொன்னது. அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்திலும் அது தொடர்கிறது. அதனால் நான் இப்போது 'சாட்சியத்தின் எடை இவர் பக்கம் அதிகம்' என்றே எழுதுகிறேன்.