கேமராவுக்கு முன் தாழை: பாக் விரிகுடாவில் நீருக்கடியில் படமெடுப்பது

நீருக்கடியில் படமெடுக்க ஆசைப்பட்டு என்னிடம் வருகிறவர்கள் இரண்டு கேள்விகளோடுதான் வருகிறார்கள். எந்தக் கேமரா வாங்குவது? அந்தமானுக்கு எந்த மாதம் போவது? நான் ராமநாதபுரத்தில் கல்யாணப் படம் எடுத்துப் பிழைப்பவன். முகூர்த்தம் இல்லாத நாட்களில் பாக் விரிகுடாவில் ஸ்நார்க்கல் என்கிற மூச்சுக்குழலைக் கடித்துக்கொண்டு மிதப்பவன். இரண்டு கேள்விக்கும் நான் சொல்லும் பதில் ஒன்றே: பணத்தை அப்படியே வைத்திருங்கள், முதலில் மண்டபத்துக்கும் தொண்டிக்கும் இடையில் எங்காவது இடுப்பளவுத் தண்ணீரில் முகத்தை முக்கித் தாழையைப் பாருங்கள்.

எங்கள் மீனவர்கள் தாழை என்றழைக்கும் கடற்புல் பாசி வகை அல்ல. வேர் உண்டு, மண்ணுக்குள் ஓடும் தண்டு உண்டு, கடலுக்குள்ளேயே பூத்துக் காய்க்கும். சேற்றைப் பிடித்து வைத்து நீரைத் தெளியவிடுவது இது. இறாலும் நண்டும் ஓரா மீனும் குஞ்சுப் பருவத்தில் ஒளிந்து வளர்வது இதற்குள். ஆவுளியா என்கிற கடல் பசு மேய்வது பெரும்பாலும் இதைத்தான். வளர்ந்த ஒன்று நாளொன்றுக்கு 30, 40 கிலோ தின்னும். அதற்காகவே 2022-இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை இந்தியாவின் முதல் கடல் பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. பவளப்பாறைக்குப் புகைப்படக்காரர்கள் கொடுத்த மரியாதையில் பாதியைக்கூடத் தாழைக்குக் கொடுத்ததில்லை. பச்சையாக, ஒன்றும் இல்லாததுபோல் இருக்கிறதே என்பார்கள். கால் மணி நேரம் அசையாமல் மிதந்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்வதில்லை.

கடல் ஏன் முக்கியம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தது பரீட்சையோடு மறந்துபோயிருக்கும். ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். புவி வெப்பமாவதால் தேங்கும் கூடுதல் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் கடல்தான் வாங்கிக்கொள்கிறது. நாம் வெளியிடும் கரியமில வாயுவிலும் ஏறத்தாழ கால்வாசி அதற்குள்தான் போகிறது. அந்தக் கணக்கை எங்கள் கரையில் ஏப்ரல், மே மாதங்களில் கண்ணாலேயே பார்க்கலாம். வெதுவெதுப்பான நீரில் வாரக்கணக்கில் கிடந்த பவளம், தனக்குச் சோறு போடும் நுண்பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்து நிற்கும். 2010-இலும் 2016-இலும் மன்னார் வளைகுடாவில் இது பெரிய அளவில் நடந்தது. வெளுத்த பவளம் உடனே செத்ததாக அர்த்தமில்லை. சூடு தணிந்தால் சில தேறும், சில தேறாது. எது தேறியது என்று சொல்ல யாராவது அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய்ப் படம் எடுத்திருக்க வேண்டும். இந்தப் பொழுதுபோக்குக்கு அந்தப் பயனும் உண்டு.

எந்தக் கடல், எந்தக் காற்று

ராமேஸ்வரம் தீவுக்கு வடக்கே இருக்கும் பாக் விரிகுடாவைப் பெண் கடல் என்றும் தெற்கே இருக்கும் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் இங்கே சொல்வார்கள். வடகடல் எப்போதும் சாது என்று நம்பி அக்டோபரில் வந்துவிடாதீர்கள். வாடைக் காற்று பிடித்தால் அது தென்கடலை விட மோசம். ஜனவரி வரைக்கும் சேறு கலங்கிக் கிடக்கும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் தென்கடல் குமுறும்போது வடகடல் ஓரளவு அடங்கியிருக்கும். இரண்டும் சேர்ந்து அமைதியாக இருப்பது பிப்ரவரி முதல் ஏப்ரல் தொடக்கம் வரை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். அடிமண்ணைக் கிளறும் இழுவைமடிப் படகுகள் கரையில் நிற்கும். அந்த நாட்களின் விடியற்காலைதான் என் கணக்கில் வடகடல் மிகத் தெளிவாக இருக்கும் நேரம். வைகையில் தண்ணீர் வந்து ஆற்றங்கரை முகத்துவாரம் வழியாகக் கடலுக்குள் இறங்கினால் அந்தப் பக்கம் சில நாட்களுக்குப் போகாதீர்கள்.

மாதம் சரியாக இருந்தால் போதாது, நாளும் சரியாக இருக்க வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றவற்றம் கூடுதல், நீரோட்டமும் கூடுதல். அட்டமியை ஒட்டிய நாட்களைத் தேர்ந்துகொள்ளுங்கள். கடற்காற்று எழும்புமுன் காலை ஒன்பது மணிக்குள் வேலையை முடித்துவிடப் பாருங்கள். படகில் போனால் ஒரு வெள்ளைத் தட்டை அளவு முடிச்சுப் போட்ட கயிற்றில் கட்டி இறக்கிப் பாருங்கள். எந்த ஆழத்தில் தட்டு மறைகிறதோ அதுதான் அன்றைய தெளிவு. 1865-இல் செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் ஒரு கப்பலிலிருந்து இதே முறையில் கடலை அளந்தார். ஆய்வாளர்கள் இன்றும் கைவிடவில்லை. தட்டு மூன்று மீட்டருக்குள் மறைந்தால் அன்றைக்கு மீன் கூட்டம், பாறைத் தோற்றம் எல்லாம் மறந்துவிட்டு, ஒரு சாண் தூரத்தில் இருக்கும் சின்ன உயிர்களை மட்டும் தேடுங்கள். இரண்டு மீட்டருக்குள் மறைந்தால் டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடலாம்.

இவ்வளவும் எழுதிவிட்டேன், ஆனால் படகுக்கார அண்ணன் கரையில் நின்று தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்: "இன்றைக்கு வேண்டாம் தம்பி, தாழையெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து கிடக்கும், நீர் இழுக்கிறது." அவர் பேச்சைக் கேளுங்கள். பாம்பன் பாலத்தை ஒட்டிய கால்வாய்ப் பக்கம் எந்த நாளிலும் இறங்காதீர்கள்.

சட்டம்

தூத்துக்குடி முதல் ராமேஸ்வரம் வரை உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றியுள்ள கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே கேமராவோடு போனால் கேமரா திரும்பி வராது. வடகடல் பூங்காவுக்குள் வராது என்றாலும், பவளம், கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் 2001-இலிருந்து வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை. செத்த பவளத் துண்டை நினைவுப் பொருளாக எடுத்து வந்தாலும் குற்றம்தான். எல்லைக் கடல் என்பதால் ஊர்க்காரர்களிடமும் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்திடமும் சொல்லிவிட்டு இறங்குவது நல்லது. முதல் முறை வருகிறவர்களுக்கு வனத்துறையே சூழல் சுற்றுலா நடத்தும் காரங்காடு வசதி. படகும் சதுப்புநிலக் காடும் அங்கேயே இருக்கின்றன.

கருவி

சுருக்கமாகச் சொல்கிறேன். 15 மீட்டர் ஆழம் வரை தனி உறை இல்லாமலே தாங்கும் ஒலிம்பஸ் டிஜி வகைக் கேமரா ஒன்று பழையதாகக் கிடைத்தால் போதும். லென்சிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதைக்கூட அது தெளிவாகப் பிடிக்கும். தாழைக்குள் இருக்கும் உயிர்களுக்கு அதுதான் தேவை. கோப்ரோ வீடியோவுக்கு நல்லது, சின்ன உயிர்களுக்கு உதவாது. பெரிய கேமராவையும் அதற்கு உறையையும் வாங்குவது இரண்டு சீசன் கழித்து யோசிக்க வேண்டிய செலவு. மூடியின் ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையத்தில் ஒரு முடி, ஒரு மணல் துகள் ஒட்டியிருந்தாலும் தண்ணீர் புகுந்துவிடும். வீட்டிலேயே நல்ல விளக்கின் கீழ் துடைத்து மூடிக்கொண்டு வாருங்கள், படகில் திறக்காதீர்கள். உறை புதிதாக இருந்தால் முதல் முழுக்கில் கேமராவுக்குப் பதில் உள்ளே டிஷ்யூ காகிதம் வைத்துப் பாருங்கள்.

உடம்புக்கு முழுக்கை முழுக்கால் நீச்சலுடை. சொறி என்கிற ஜெல்லி மீன் உரசினால் ஏன் சொன்னேன் என்று தெரியும்.

வெளிச்சம்

தண்ணீர் முதலில் தின்பது சிவப்பை. ஐந்து மீட்டர் ஆழத்துக்குள் சிவப்பு பெரும்பாலும் போய்விடும். அதனால்தான் புதியவர்களின் படங்கள் எல்லாம் நீலப்பச்சையாக இருக்கின்றன. பலர் கவனிக்காத விஷயம், கணக்கு ஆழத்துக்கு மட்டுமல்ல, கிடைத்தூரத்துக்கும் சேர்த்துத்தான். இரண்டு மீட்டர் ஆழத்தில் மூன்று மீட்டர் தள்ளி நிற்கும் மீனுக்கு வெளிச்சம் கடந்து வரும் நீர் ஐந்து மீட்டர். அதோடு மிதக்கும் தூசியும் இடையில். ஆகவே எட்டிக் கை நீட்டினால் தொடும் தூரத்துக்குள் இல்லாத எதையும் படமெடுக்காதீர்கள். ஜூம் இருப்பதையே மறந்துவிடுங்கள்.

நமது தாழைக்காடு ஒன்றிலிருந்து மூன்று மீட்டர் ஆழம்தான் என்பதால் ஃபிளாஷ் இல்லாமலே நிறம் கிடைக்கும். இறங்கியவுடன் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பலகையையோ வெள்ளை மணலையோ காட்டி வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) கையால் அமைத்துக்கொள்ளுங்கள். ஆழம் மாறினால் மறுபடி. கேமரா மெருகேற்றாமல் அப்படியே சேமிக்கும் ரா (RAW) கோப்பாக எடுத்தால் பிறகும் திருத்தலாம். கேமராவின் உள் ஃபிளாஷை அணைத்தே வையுங்கள். அது மீனுக்கு முன் தூசியைத்தான் ஒளிரவைக்கும், படம் முழுக்க வெள்ளைப் புள்ளியாக விழும்.

ஆழமில்லாத நீரில் வேறொரு தொல்லை உண்டு. உச்சி வெயிலில் மேலே அலையும் சிற்றலைகள் வெளிச்சத்தைக் கோடுகோடாகக் குவித்து மீன் மேல் ஓடவிடும். படத்தில் மீனுக்கு இல்லாத வரிகள் வந்துவிடும். மெல்லிய மேகம் கடக்கும் நிமிடத்துக்குக் காத்திருங்கள், அல்லது வெயில் சாய்வாக இருக்கும் காலையில் எடுங்கள். மீன்களுக்கு ஷட்டர் வேகம் 1/250 நொடிக்குக் கீழே போக வேண்டாம். மேலிருந்து கீழே பார்த்து எடுத்த படம் சந்தைத் தட்டில் கிடக்கும் மீனைப் போலத்தான் இருக்கும். அதன் கண்மட்டத்துக்கு இறங்கி, முடிந்தால் சற்று மேல்நோக்கி எடுத்தால் பின்னால் நீல நீர் கிடைக்கும்.

பக்கத்தில் போவது

கல்யாண மேடையில் "இந்தப் பக்கம் பாருங்கள்" என்றால் மணமகளின் பாட்டி வரைக்கும் திரும்புவார்கள், ஓரா திரும்பாது. துரத்தினால் வால் மட்டும்தான் படத்தில் வரும். மீன் தானே திரும்பி வருகிற காரணத்தைக் கண்டுபிடித்து அந்த இடத்தில் காத்திருப்பதே வேலை. மேய்கிற ஓராக் கூட்டம் ஒரு திசையில் நகரும். அதற்கு முன்னால், சற்று விலகி, கால் ஆட்டாமல் மிதந்துகொண்டிருங்கள். கூட்டமே உங்களைக் கடந்து போகும். மணல் திட்டில் ஒரே வளையில் குடியிருக்கும் கோபி மீனும் இறாலும் இன்னும் சுலபம். கண் மங்கிய இறால் தோண்டும், மீன் வாசலில் காவல் நிற்கும், இறாலின் மீசை மீனின் மேலேயே இருக்கும். நீங்கள் வந்ததும் இரண்டும் உள்ளே போய்விடும். கேமராவை வாசலுக்கு நேராக வைத்து, மூச்சைச் சீராக விட்டுக்கொண்டு இருங்கள். சில நிமிடங்களில் மீன் தலையை நீட்டும், அது நீட்டிய பிறகுதான் இறால் வரும். இறால் வருவதற்கு முன் ஒரு படமும் எடுக்காமல் பொறுத்திருப்பவர் பிழைத்துக்கொள்வார்.

பேய்க்கணவாயை (ஆக்டோபஸ்) தேட வேண்டாம், அதன் குப்பையைத் தேடுங்கள். கல்லிடுக்கின் முன்னால் காலிச் சிப்பியும் நண்டு ஓடும் குவிந்திருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது.

கடல் குதிரை கிடைத்தால் உற்சாகத்தில் சுற்றிச் சுற்றி எடுக்கத் தோன்றும். அது வாலால் ஒரு புல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கும், ஓடித் தப்பும் வேகம் அதற்கு இல்லை. கண் இமையும் கிடையாது. அது முதுகைத் திருப்பிக்கொண்டால் போதும் என்கிறது. நான்கைந்து படம், ஃபிளாஷ் இல்லாமல், பிறகு விலகிவிடுங்கள். விரலால் திருப்பி வைத்து எடுக்கப்பட்ட படத்தைப் பார்த்தாலே தெரியும்: வால் எதையும் பிடித்திருக்காது.

இருங்கெளுத்திக் குஞ்சுகள் கறுப்பாகத் திரண்டு தாழை மேல் உருள்வது அற்புதமான காட்சி. அவற்றின் முள்ளில் விஷம் உண்டு. சிங்க மீனுக்கும் கல்லைப் போலவே கிடக்கும் கல்மீனுக்கும் உண்டு. குத்தினால் பொறுக்கும் அளவுக்குச் சூடான நீரில் காயத்தை முக்கி வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். திருக்கை மணலுக்குள் புதைந்திருக்கும் என்பதால் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்தபடி நடக்க வேண்டும். தாழை மேல் நிற்பதோ பவளத்தைப் பிடித்துக்கொள்வதோ கூடவே கூடாது.

ஆவுளியாவை நீருக்கடியில் படமெடுக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். கூச்சம் அதிகம் உள்ள உயிர். படகு விரட்டினாலே மேய்ச்சலை விட்டுப் போய்விடும். மூச்சு வாங்க மேலே வந்தால் என்ஜினை நிறுத்திவிட்டுப் படகிலிருந்தே பாருங்கள். அதன் மேய்ச்சல் தடம் வேறு விஷயம். தாழைக்கு நடுவில் வேரோடு பறிக்கப்பட்டு, நீளமாக, மணல் தெரியும் பாதை ஒன்று கிடக்கும். பக்கத்தில் அளவுகோல் வைத்து அதைப் படமெடுங்கள். நான் எடுத்ததில் எனக்குப் பிடித்த படங்கள் அவைதான், கண்காட்சிக்கு யாரும் கேட்டதில்லை என்றாலும்.

ஒரு எச்சரிக்கை. மூச்சை அடக்கி முங்குகிறவர்கள் அதற்கு முன் வேகவேகமாக மூச்சு இழுத்து விடுவதைப் பார்க்கிறேன். அதைச் செய்யாதீர்கள். மூச்சுத் தவிப்பு தாமதமாகத்தான் தெரியும், அதற்குள் நினைவு தப்பிவிடும். இரண்டு ஆள் ஆழத்திலும் இப்படிச் சாகலாம். ஒருவர் முங்கும்போது இன்னொருவர் மேலே இருந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கரைக்கு வந்த பிறகு

இருபது லிட்டர் கேன் நிறைய நல்ல தண்ணீர் கொண்டு வாருங்கள். கடலோர ஊரில் குடிநீரைக் கேட்டுக் கேமரா கழுவுவது அழகல்ல. உப்பு காய்வதற்கு முன் கேமராவை அதில் முக்கி, பொத்தான் ஒவ்வொன்றையும் அழுத்தி விடுங்கள். நிழலில் உலர்ந்த பிறகுதான் திறக்க வேண்டும்.

அன்றிரவே படங்களோடு தேதி, ஆழம், தட்டு மறைந்த அளவு, நீர் சூடாக இருந்ததா என்பதையும் எழுதி வையுங்கள். ஒரே பவளத்தை, ஒரே திசையிலிருந்து, அளவுகோலோடு மாதம் ஒருமுறை எடுத்த சாதாரணப் படத்துக்கு ஆய்வாளர்களிடம் மதிப்பு அதிகம். உயிரினப் படங்களைப் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றினால் இனத்தைக் கண்டுபிடிக்க உதவுவார்கள். அருகி வரும் இனங்களின் இருப்பிடத்தை அந்தத் தளம் தானாகவே மறைத்துவிடும். மற்றத் தளங்கள் மறைக்காது. கடல் குதிரைக்கும் கடல் அட்டைக்கும் கள்ளச் சந்தை இன்னும் இருக்கிறது. ஆகவே படத்தைப் போடுமுன் ஜிபிஎஸ் விவரத்தை நீக்கிவிடுங்கள். எந்த ஊர் என்று யாராவது கேட்டால் "வடகடல்" என்று மட்டும் சொல்லுங்கள்.