சூளைமேட்டில் ஒரு கோலெம்: எல்லைக் கதைக்குப் பக்குவம்

தமிழக-கேரள எல்லையில் வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் ஒரு செங்கல் சூளையைக் களமாக வைத்து மாயக்கதை எழுதுவதாக இருந்தால், யூத மரபின் கோலெம் நன்றாகப் பொருந்தும். களிமண்ணில் பிசைந்த ஆள். சொன்ன வேலையைச் செய்யும், வாய் பேசாது. குட்டிச்சாத்தான் சாயல் மட்டும் வேண்டாம். சாத்தான் கோபிக்கும், படையல் கேட்கும். கோலெமுக்குச் சொந்த விருப்பமே கிடையாது.

செய்பவர் யார் என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள். பிராக் நகரத்து ரப்பி (யூத மதகுரு) லோவ் (இறப்பு 1609) செய்ததாகச் சொல்லும் கதை ஐரோப்பிய யூதருடையது. கேரளத்துச் சேந்தமங்கலம், பறவூரிலிருந்து வந்த யூதர் மலையாளம்தான் பேசுவார். அவர் வாயில் ஐரோப்பிய யூதரின் பேச்சான இத்திஷ் வந்தால் கதை படுத்துவிடும். அவருக்கு வேர் யூதச் சட்ட நூலான தல்மூதில் இருக்கிறது, அதன் சன்ஹெத்ரின் பகுதி, 65ஆம் தாளின் பின்பக்கம். ராவா என்ற அறிஞர் ஒரு மனிதனைப் படைத்து ரப்பி செய்ராவிடம் அனுப்புகிறார். செய்ரா அவனிடம் பேசிப் பார்க்கிறார், பதில் இல்லை, 'உன் மண்ணுக்கே திரும்பு' என்கிறார். காலம் 1950க்கு முன் இருக்கட்டும். பிறகு பெரும்பாலோர் இஸ்ரேல் போய்விட்டார்கள்.

கோலெமுக்கு உயிர் தரும் நெற்றி எழுத்து பிற்கால மரபு. 'எமெத்' என்றால் எபிரேயத்தில் உண்மை: அலெஃப், மெம், தாவ் என்று மூன்று எழுத்து, வலமிருந்து இடம். பார்ப்பவருக்கு வலக்கோடியில் இருக்கும் அலெஃபை அழித்தால் மிஞ்சுவது 'மெத்', இறந்தவன். இதைத் தமிழாக்கி, 'மெய்' என்று எழுதிப் பின் 'பொய்' ஆக்கத் தோன்றும். வேண்டாம். அழிக்க ஒரு விரல் போதும். வெறிபிடித்துத் துரத்துகிற ஆளின் நெற்றியில் புதிதாக யார் எழுதுவது? உண்மை, உடம்பு, உயிர் ஏறாத எழுத்து, மூன்றுமே 'மெய்'தான். அதைச் சூளைக்காரர் பேச்சில் வையுங்கள்.

ஆளைச் சூளையில் சுட்டுவிடாதீர்கள். சுட்ட மண் மறுபடி குழையாது, 'மண்ணுக்குத் திரும்பு' பலிக்காது. பச்சை மண்ணாக இருந்தால்தான் இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையும் அதற்கு எதிரியாகும்.

முடிச்சைச் சபாத்தில், அதாவது வெள்ளி மாலை தொடங்கும் யூதரின் ஓய்வு நாளில், போடுங்கள். வெள்ளி சூரியன் மறையுமுன் அலெஃபை அழித்து ஓய்வு தரவேண்டும், செய்பவர் மறந்துவிடுகிறார். இருட்டிய பிறகு, எழுத்தை அழிப்பதே சபாத்தில் விலக்கிய 39 வேலைகளில் ஒன்று. உயிரைக் காக்க மீறலாம் என்று விதி உண்டு. ஆகவே யாருடைய உயிராவது ஆபத்தில் சிக்கும்வரை அவர் கை நீளக்கூடாது. பலரும் இங்கே அவசரப்பட்டு இரண்டே பத்தியில் அழித்துவிடுகிறார்கள். இல்லாவிட்டால் சனி இரவு மூன்று நட்சத்திரம் தெரியும்வரை காத்திருக்க வேண்டும். இடவப்பாதி மேகத்தில் நட்சத்திரம் எங்கே தெரியப்போகிறது?