தோட்டத்தில் வரும் செய்தியை உரசிப் பார்ப்பது எப்படி

மலேசியத் தோட்டங்களில் சம்பளம், மானியம், வீட்டு நிலம் என்று எந்தச் செய்தியும் இப்போது முதலில் புலனத்தில்தான் (வாட்ஸ்அப்) வருகிறது. அதை உரசிப் பார்க்க ஒட்டுக்கடை (சிறு தேநீர், உணவுக்கடை) மேசையும் மூன்று நாளிதழும் போதும். எந்த மூன்று என்பதில்தான் விஷயம்.

ஒன்று தமிழ்: மக்கள் ஓசை, மலேசிய நண்பன், தமிழ் மலர், கடையில் எது கிடைக்கிறதோ அது. (1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றுவிட்டது.) அடுத்தது மலாய். மூன்றாவது ஆங்கிலமோ சீனமோ இருக்கலாம். சீன ஏடு என்றால் மளிகைக்கடை தவுக்கேயிடம் (சீன முதலாளி) தலைப்பை மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள். மூன்றும் தமிழாக வாங்குவதைவிட இது மேல்.

வாங்கியதும் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரைப் பாருங்கள். 1984ஆம் ஆண்டு அச்சகங்கள், வெளியீடுகள் சட்டப்படி அது இருக்க வேண்டும். இரண்டு ஏட்டில் ஒரே வெளியீட்டாளர் என்றால் ஒன்றை மாற்றுங்கள்.

அடுத்து, செய்தியின் தொடக்கத்திலோ முடிவிலோ ‘பெர்னாமா’ (அரசின் தேசியச் செய்தி நிறுவனம்) என்று இருக்கிறதா? பலர் சறுக்குவது இங்கேதான். மூன்று ஏடும் பெர்னாமாவையே எடுத்துப் போட்டிருந்தால் அது மூன்று சாட்சி அல்ல, ஒரே சாட்சி.

குறைந்தபட்ச மாதச் சம்பளம் பற்றி, ‘பிப்ரவரி முதல் எல்லாருக்கும் 1,700 வெள்ளி (ரிங்கிட்)’ என்று ஒரு தகவல் வந்ததாக வையுங்கள். தலைப்போடு நின்றால் பாதிதான் தெரியும். 2025 பிப்ரவரி 1 என்பது ஐந்து பேருக்கு மேல், அல்லது ஐந்து பேர், வேலை செய்யும் இடங்களுக்கு; அதற்குக் குறைந்த சிறு முதலாளிகள் பெரும்பாலோருக்கு ஆகஸ்ட் 1. வாரம் ஆறு நாள் வேலை என்றால் நாள் கூலி 65.38 வெள்ளி, ஐந்து நாள் என்றால் 78.46. செம்பனைக் குலை வெட்டி டன் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கும் மாதம் 1,700க்குக் குறையக் கூடாது. தோட்டத்துக்கு முக்கியமான வரி இதுதான், ஆனால் இது தலைப்பில் வராது. எந்த ஏடு எதை விட்டது என்று பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றிலும் வராத செய்தி பொய் என்று முடிவு கட்டவும் வேண்டாம். அச்சு ஏட்டுக்கு உள்துறை அமைச்சின் உரிமம் வேண்டும். 1987இல் தி ஸ்டார், சின் சியூ, வாத்தான் ஆகிய மூன்று ஏடுகளின் உரிமமும் பறிபோனது. ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்கும் விதி 2012இல் போனாலும் பறிக்கும் அதிகாரம் போகவில்லை. அதனால் மலேசியாகினி போன்ற ஓர் இணைய ஏட்டையும், அரசுத் தமிழ் வானொலியான மின்னல் எஃப்எம் செய்தியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புலனத்தில் சுற்றுகிற படங்களுக்கு, அரசு 2017இல் தொடங்கிய ‘செபெனார்ஞா’ (Sebenarnya.my) என்ற உண்மை சரிபார்ப்புத் தளத்தில் தேடலாம். அது அரசின் பதில் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

ஏட்டிலிருந்து வெட்டி வைக்கும் செய்தித் துண்டின் ஓரத்தில் ஏட்டின் பெயர், தேதி, பக்க எண் எழுதுங்கள். தேதி இல்லாத துண்டு இரண்டு வருடம் கழித்துப் புதுச் செய்தியாகச் சுற்றும். சம்பளக் குறைவுக்குத் தொழிலாளர் இலாகாவுக்குப் போகும்போது மட்டும் துண்டை நம்பிப் போகாதீர்கள். அங்கே கேட்பது சம்பளச் சீட்டு.